தட்டிப் பார்க்காத மூலை

டைல்ஸ் மேஸ்திரி போட்ட தரையில் ஒரு கல்கூட வெற்றுச் சத்தம் தராது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்ததே அவர்தான் என்பது வேறு விஷயம். ஆனாலும் பொய் இல்லை. ஒவ்வொரு கல்லையும் பதித்தபின் மண்டி போட்டு, காதைச் சாய்த்து, கொத்துக் கரண்டிக் காம்பால் நான்கு மூலையும் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை சேராத இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பெயர்த்து மறுபடி போடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், டீச்சர் வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் இருந்த மூலையைத் தட்டாமல் விட்டார். முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மண்டி போட முடியாத டைல்ஸ்காரரை எவன் கூப்பிடுவான்? சுவரைப் பிடித்து எழுந்து, "முடிஞ்சுது" என்றார்.

ஆறு மாதத்தில் அந்தக் கல் விரிசல் விட்டது. டீச்சர் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி கல்லைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு கூட வந்திருந்த, அவருக்குக் கலவை குழைத்துத் தரும் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"எத்தன தடவ சொல்றது மாப்ள, கலவைய ஒழுங்கா கொழைன்னு?"

கலவையில் ஒரு குறையும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். மைத்துனன் குனிந்து விரிசலை விரலால் தடவினான்.

"இனிமே இவர கூட்டிட்டு வராதீங்க," என்றார் டீச்சர். மேஸ்திரி தலையாட்டினார். அடுத்த வாரம் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு, அதன்பின் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. டீச்சருக்குத் தெரிந்த இரண்டு வீடுகளிலும் மைத்துனனை வேண்டாம் என்றார்கள்.

வலி முற்றியபோது மனைவி அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பிசியோதெரபிக்கு அனுப்பினாள்.

"சும்மா படுத்துக் கெடந்தா இன்னும் எறுகிப்போகும்," என்றாள் அங்கிருந்த பெண். "தொடை வலுவானா முட்டிக்குப் பாரம் கொறையும். வேலைய விட வேணாம், செய்ற விதத்த மாத்துங்க."

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ண வேண்டும். தினமும் நடை. முட்டிக்குத் தடித்த பஞ்சு உறை, உட்கார்ந்தபடியே நகரச் சக்கரம் வைத்த குட்டி மணை. 'பிள்ளை விளையாட்டு' என்று முனகிக்கொண்டேதான் செய்தார். மூன்று மாதத்தில், பல்லைக் கடிக்காமல் படி இறங்கினார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்தால் வேலையும் ஓடியது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் அடங்க அடங்க, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. இதை மறைக்கவா ஒருத்தன் பெயரைக் கெடுத்தோம்?

ஒரு ஞாயிறு காலை, மணையும் உறையுமாக மைத்துனனையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

"தப்பு என்னுது டீச்சர். முட்டி வலியில அந்தக் கல்லத் தட்டிப் பாக்காம விட்டேன். பழிய இவன் மேல போட்டேன்."

டீச்சர் அவர்களை உள்ளே அழைத்துப்போய், விரிசல் விட்ட கல்லை மூடியிருந்த கால்மிதியை எடுத்தார்.

மணையில் உட்கார்ந்து பழைய கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கே நீங்க வெளிய போனப்புறம் நான் தட்டிப் பாத்தேன் மாமா. சத்தம் சரியில்ல."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"நீங்க சுவத்தப் புடிச்சு எந்திரிச்சதப் பாத்தேன். வெளிய தெரிஞ்சா உங்களுக்கு வேல போயிருமேன்னு."

மேஸ்திரிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புதுக் கல்லைப் பதித்து முடித்ததும், குனிந்த தலையோடு கரண்டியை அவன் பக்கம் நீட்டினார்.

"நீ தட்டு."