நாட்றாம்பாளையம் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்

ஓசூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தபோது, வியாழக்கிழமைதோறும் நாட்றாம்பாளையம் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டு போவோம். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டி. பின்னால் தகரக் கூண்டு, உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். டிரைவர் உள்ளூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் அவரை அண்ணாச்சி என்பேன்.

ஒரு வியாழக்கிழமை, பேறுகாலம் நெருங்கிய ஒரு பெண்ணை ஓசூருக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஏற மறுத்தாள்.

"எங்கக்கா போன தபா இதுல வந்து இடுப்பே போச்சின்னா. நான் அஞ்செட்டி வரைக்கும் நடந்தே போய் பஸ்ல வந்துடறேன் சிஸ்டர்."

கெஞ்சி முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் ஏறினேன். அதுவரை நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. முதல் பள்ளத்திலேயே தலை தகரத்தில் இடித்தது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. காலையில் பெட்டிகளோடு மேலே போனபோது ஒரு மருந்து பாட்டில்கூட உடையவில்லை. காலியாகத் திரும்பும்போது ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது?

ஓசூரில் இறங்கியதும் டிரைவரிடம் கேட்டேன்.

"லோடு தாங்கட்டும்னு நான்தான் பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு இரும்புப் பட்டை சேத்துப் போட்டேன். கெட்டியா இருந்தா வண்டிக்கு நல்லது சிஸ்டர்."

"உள்ள இருக்கவங்களுக்கு அண்ணாச்சி?"

அவர் கூண்டுக் கதவைச் சாத்தப் போய்விட்டார்.

மருத்துவமனையில் அனுமதி வாங்கி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். எங்களோடு தமிழ், மனைவியோடு தெலுங்கு, போனில் கன்னடம். அவர் முதலில் கேட்டது எங்களுக்குத் தெரியாத விஷயம்.

"போறப்ப எவ்ளோ வெயிட்டு, வர்றப்ப எவ்ளோ வெயிட்டு மேடம்?"

பக்கத்து எடை மேடையில் பெட்டிகளை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை வண்டியை எடை பார்த்தோம். டிரைவர் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை லோடு. "காலியா வந்தா இவ்ளோ பட்டை அமுங்காது, தூக்கித்தான் போடும்" என்று மெக்கானிக் அந்த இரண்டையும் கழற்றிப் போட்டார்.

பிறகு மூன்று ஷாக் அப்சார்பர்களைத் தரையில் நிறுத்தி என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னார். வண்டியிலிருந்து கழற்றியது பொதுக்கென்று இறங்கியது. புது ஆயில் ஷாக் கையை எதிர்த்து நிதானமாக இறங்கி அங்கேயே நின்றது. உள்ளே வாயு அடைத்த கேஸ் ஷாக் அழுத்தியதும் தானாக மெல்ல எழுந்து வந்தது. அதை நாலைந்து தடவை அழுத்தினேன்.

"வண்டியைத் தூக்கி நிறுத்துறது இதுதானா?"

"இல்ல மேடம். அடிய வாங்கறது பட்டை. அது திரும்ப எகிறாம புடிக்கறதுதான் இதோட வேலை."

"எது போடலாம்?"

"அந்த ரோட்டுக்கு எதுன்னு எனக்கும் தெரியல. போட்டுப் பாத்துடலாம்."

ஆயில் ஷாக்கைப் போட்டு, அடுத்த வியாழன் அவரும் கூட வந்தார். பள்ளத்தில் அச்சு மேலே வந்து இடிக்கும் ரப்பர் கட்டையில் கிரீஸ் தடவியிருந்தார். இடித்தால் அச்சில் கிரீஸ் ஒட்டும். ஒவ்வொரு மோசமான இடம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி நானும் அவரும் குனிந்து பார்த்தோம். கைகட்டி நின்ற டிரைவர் மூன்றாம் முறை தானும் மண்ணில் படுத்துப் பார்த்தார். ஓடை இறக்கத்தில் அச்சில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"ஒரு பட்டைய திரும்பப் போடணும்" என்றார் மெக்கானிக். ஷாக்கைத் தொட்டவர் உடனே கையை உதறினார். அந்தச் சூட்டில் அது பிடிப்பை இழந்துவிடும் என்றார். மலை இறங்குவதற்குள் வண்டி மறுபடி துள்ளத் தொடங்கியது.

அதற்கடுத்த வாரம் ஒரு பட்டை கூடுதல், சூட்டிலும் பிடிப்பு விடாத கேஸ் ஷாக். மெக்கானிக் அன்றும் கூட வந்தார். திரும்பும்போது இரண்டு பெண்களோடு நானும் பின்னால் வந்தேன். பள்ளங்கள் தெரிந்தன, ஆனால் உடம்பு பெஞ்சை விட்டு எழவில்லை. ஒருத்தி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அஞ்செட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"கொஞ்ச தூரம் நீ ஓட்டு. நானும் பின்னாடி ஒக்காந்து பாக்கறேன்."

மலைப்பாதை முடிந்து தேன்கனிக்கோட்டை வரும்வரைக்கும் டிரைவர் முன்னால் வரவே இல்லை.