காலைக்கு ஓர் எண், மத்தியானத்துக்கு ஓர் எண்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் காரை விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்க எழும்பிவிடும். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் மேல்மாடி இத்தாலியக்கார அம்மா யன்னலைத் திறந்து, “உன்ரை மனுசன் காருக்குள்ளை தையல் மெஷினோ வைச்சிருக்கிறார்? அப்பிடியெண்டால் என்ரை யன்னல் சீலையையும் தைச்சுத் தரச் சொல்லு” என்று இத்தாலியனில் கத்துவார். என் கணவர் மேலே பார்த்துச் சிரித்துக் கையசைப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்த வார்த்தையை எடுத்து மனதில் வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டுத்தான் எதையும் படித்தேன்.

போர் முடிந்து நாங்கள் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து நாலாவது குளிர்காலம் அது. நானும் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரைப் பக்கத்தில் மீன் சாப்பாட்டுக் கடைகளைத் திறக்க முன்னர் கழுவித் துடைக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இவர்தான் எங்களை இறக்கிவிட்டு, தானும் மீன்பெட்டி ஏற்றும் வேலைக்குப் போவார். கார் நின்றால் மூன்று பேருடைய வேலையும் நிற்கும். இவர் ஓட்டாமல் விட்டாலும் அதே கதைதான். லைசென்ஸ் இவரிடம் மட்டுமே இருந்தது.

சத்தத்துக்குக் காரணம் ஒயில்தானோ என்று எனக்குச் சந்தேகம். குளிர் தொடங்க முன்னர் இவரே தெருவோரத்தில் ஒயில் மாற்றியிருந்தார். காரோடு வந்த புத்தகத்தில் 5W-30 என்று போட்டிருந்தது. இவர் பழைய ஒயிலை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, “உது தண்ணி. எஞ்சினைத் தின்னும்” என்று சொல்லிவிட்டு, தேன் மாதிரி இறங்கும் 20W-50 வாங்கி ஊற்றினார்.

அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. வன்னியில் பெற்றோல் கிடையாத காலத்தில் ஆட்களை ஏற்றும் வானை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைத்துவிடும். ஆகவே கிடைப்பதில் தடித்த ஒயிலாகத் தேடி ஊற்றுவார். அந்த வானில் ஏறித் தப்பி வந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்ட மனிதரிடம் ஒயில் தடிப்பு என்று எந்த வாயால் சொல்வது?

சத்தத்தையாவது சொன்னேன்.

“என்ன சத்தம்? பூனை மாதிரி நிக்குது” என்றார்.

வீம்பு என்றுதான் நினைத்தேன். போரில் செல் விழுந்து வெடித்ததில் அவருடைய இடது காது அப்போதே போய்விட்டது. வலது காது சுகம் என்பார். இத்தாலியில் ஸ்டேரிங் இடப்பக்கம், ஆகவே நல்ல காது என் பக்கம் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு போவேன். கடை முதலாளி சொன்னது, சிஞ்ஞோரா திட்டியது, எல்லாம். நான் வாய் திறந்தால் இவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார். பின்சீட்டிலிருந்து மன்னார்க்காரி சத்தம் போடுவாள்: “அண்ணை, ரோட்டைப் பாருங்கோ. அக்கா எங்கையும் இறங்கி ஓடமாட்டா.” எனக்கு முகம் சிவக்கும். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மனிதர் இப்படிப் பார்க்கிறாரே என்று.

ஒருநாள் காலையில் ஸ்டேரிங்குக்கு முன்னால் இருக்கும் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்து, அணைய நேரம் எடுத்தது. கண்ணால் கண்டதும் இவர் பயந்துவிட்டார். அன்று பின்னேரமே மழையோடு பிரான்காச்சோவில் இருந்த ஒரு சின்ன கராஜுக்குப் போனோம். மெக்கானிக் சிசிலிக்காரர், வாயில் அணைந்த சிகரெட். எஞ்சினை நிறுத்தி, ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

“இதென்ன, ஜாமோ? பாணுக்குப் பூசவோ வைச்சிருக்கிறாய்?”

நான் மொழிபெயர்த்தேன். இவர் வன்னி வானைப் பற்றிச் சொன்னார். மெக்கானிக் சிரிக்காமல் கேட்டார்.

“உன்ரை வானுக்கு அது சரி. இதின்ரை ஒயில் ஓடுற ஓட்டைகள் சின்னன். W-க்கு முன்னாலை இருக்கிற எண் காலைக்கு, குளிருக்கு; பின்னாலை இருக்கிறது மத்தியானத்துக்கு, சூட்டுக்கு. காலையிலை இந்த ஜாம் மேலை ஏறி வருமட்டும் எஞ்சின் தலை காய்ஞ்சு கிடக்குது. அதுதான் கத்துது. சூடேறினாப் பிறகும் முழுசாப் போய்ச் சேராது. தேய்ஞ்ச எஞ்சின், வெயில் ஊர். ஐஞ்சு W நாப்பது ஊத்துவம்.”

பிறகு எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் பண்ணி, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை அதன் தலையில் வைத்து, பிடியை இவரிடம் நீட்டினார். கேள் என்று சைகை. இவர் பிடியைக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் வைத்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. எனக்கோ அந்தச் சத்தத்தில் தலை இடித்தது. மெக்கானிக் இவரையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பிடியை எடுத்து இவருடைய வலது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார்.

எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போயிருக்க வேண்டும், இவருடைய கண் விரிந்தது. என்னைப் பார்த்தார்.

“உது எப்ப தொடங்கினது?”

“நீங்கள் ஒயில் மாத்தின நாள் தொடக்கம்” என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணையல்ல, வாயை. அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது: வழியெல்லாம் அவர் என் கதையை உதட்டில்தான் வாசித்திருக்கிறார்.

ஒயில் மாற்றி முடிந்தது. எஞ்சினின் சத்தம் ஒரு தரம் கிணுக்கென்றுவிட்டு அடங்கியது. மெக்கானிக் கையைத் துடைத்தபடி என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: “சிஞ்ஞோரா, என்ரை வேலை முடிஞ்சுது. மிச்சத்துக்கு டாக்டர் வேணும்.”

காருக்குள் ஏறி அவருக்கு நேரே முகத்தைத் திருப்பிக் கேட்டேன். “எவ்வளவு காலமா?”

“போன வருஷத்திலையிருந்து. கொஞ்சம் கொஞ்சமா.”

“டாக்டரிட்டைப் போவம்.”

“அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கவேணும். காதையும் பாப்பாங்கள். இப்ப போய்க் கேட்டால் நானே காட்டிக் குடுத்த மாதிரி.” கொஞ்சம் பொறுத்து, “அந்த மன்னார்ப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்” என்றார்.

வீடு வரை நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவர் திரும்புவார். மழையில் லொறிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. எத்தனை விடியற்காலைகளில் நான் ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்காக அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கதைகளில் எத்தனை அவருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதையும்.

மறுநாள் காலையில் கார் சத்தமில்லாமல் எழும்பியது. மேல்மாடி யன்னல் திறக்கவில்லை. மன்னார்க்காரியின் வாசலில் நான் இறங்கி அவளை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனேன்.

“என்னக்கா, அண்ணையோடை சண்டையோ?”

“ஓம். சின்னச் சண்டை.”

“அண்ணை, என்ன செய்தனீங்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. அவள் அதையும் கோபம் என்று எடுத்துக்கொண்டு, தோளைக் குலுக்கிவிட்டு வெளியே பார்த்தாள். கார் நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போனதும் நடுக் கண்ணாடியில் இவருடைய கண்கள் என்னைத் தேடின. நான் ஏதாவது கதைக்கிறேனா என்று பார்க்கிறார்.

குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் இன்னும் ஒருதரம் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.