ஸ்ரெலா அக்காவின் அலுமாரிக்கு இரண்டு பூட்டு

புளியங்குளத்தில் என் சின்னப் பட்டா லொறியை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னைப் போலப் பட்டா ஓட்டும் யோகனின் அழைப்பு வந்தது. "ஸ்ரெலாக்கா மோசம் போயிட்டா, அண்ணை." அவர் செத்த செய்தி கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் கடை விபரமெல்லாம் எழுதி அவர் வைத்திருந்த கொப்பி இனி யார் கைக்குப் போகும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை.

அக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். கிளிநொச்சியில் எங்கள் பட்டாக்காரர் சங்கத்தின் எழுத்து வேலை அவருடையது. "ஒரே தெருவுக்கு அஞ்சு பட்டா போகுது, அஞ்சும் அரை வயிறு. புகைதான் மிச்சம்" என்பார். எந்தக் கடைக்கு, எந்த நேரம், எவ்வளவு சரக்கு என்று எல்லாரும் சொன்னால் ஒரு தெருவின் சரக்கை ஒரே வண்டியில் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம்.

சொல்வோமா நாங்கள்? எங்கள் மண்ணில் ஆட்கள் வந்து விபரம் எழுதிக்கொண்டு போன பிறகு நல்லது நடந்ததை நான் கண்டதில்லை. போதாததற்கு, என் கடைகளைச் சொன்னால் நாளைக்கே யோகன் அங்கே போய் நிற்பான். பாதிக் கடைகளை மறைத்து, மீதியை வாரத்துக்கொரு விதமாக எழுதிக் கொடுத்தேன். எல்லாரின் சரக்கையும் சேர்த்து அக்கா எழுதிய பொதுச் சுற்றில் நான் மறைத்த கடைகள் விடுபட்டன. சரக்குக் கிடைக்காத ஒரு கடை முதலாளி என்னை வாயில் வந்தபடி ஏசினார். அக்கா சிரித்தார். "பொய் எழுதினாலும் பரவாயில்லை, தம்பி. கிழமைக்குக் கிழமை மாத்தாமல் ஒரே பொய்யா எழுதுங்கோ!" அதன் பிறகு உண்மையை எழுதினேன்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. கொழும்பு விநியோக நிறுவனம் ஒன்றின் ஆள் இரண்டு முறை அவர் வீட்டுக்கு வந்ததைக் கண்டேன். "எங்கட விபரத்தை வித்துப்போட்டியளோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அக்கா கோபிக்கவில்லை. மறுநாள் கொப்பி இருந்த அலுமாரிக்கு இரண்டாவது பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். "உங்களைவிடச் சந்தேகக்காரன் இஞ்சை ஒருத்தரும் இல்லை. இனி நீங்கள் இல்லாமல் நானும் திறக்கேலாது." ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து திறந்து அடுத்த வாரச் சுற்றை எழுதினோம். ஐந்து பட்டா போன தெருவுக்கு இப்போது இரண்டுதான் போகின்றன.

செத்தவீட்டுக்கு அந்தக் கொழும்பு ஆளும் மாலையோடு வந்தார். மாலையை வைத்த கையோடு என்னிடம் கேட்டார்: "அந்தக் கொப்பி இப்ப யாரிட்ட இருக்கு?" நான் சட்டைப்பையில் இருந்த என் திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்ததும் அக்காவின் மகள் தாயின் திறப்பை என்னிடம் நீட்டினாள். "ரெண்டும் உங்களிட்டையே இருக்கட்டும், அண்ணை." என் கை நீண்டது உண்மை. இரண்டும் என்னிடம் இருந்தால் என்னை யார் சந்தேகப்படுவது? யோகனைக் கூப்பிட்டு அவனிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் என்னை ஒருநாளும் நம்பியவனில்லை.

"ஏன் எனக்குத் தாறியள்?" என்று சந்தேகத்தோடுதான் வாங்கினான்.

அக்கா எனக்கென்று விட்டுப்போனது ஒரு திறப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதையும் திறக்க முடியாது. அப்படியே இருக்கட்டும்.