நாலாவது டயர்ல இருக்கிற குங்குமம்

நாளைக்கு மைசூர்ல பழைய கார் ஊர்வலம். சுதந்திரம் வந்த புதுசுல மாமனார் வீட்டுல வாங்கின காரை இன்னிக்குக் கழுவினேன்.

வெள்ளை டயர் நாலுலயும் குங்குமக் கறை. போன ஆயுதபூஜைக்கு என் மனைவி வெச்சது.

"வெள்ளை ரப்பர்ல வைக்காதே, ஊறிடும்"னு அன்னிக்குத் திட்டினேன்.

"போங்க ரீ, பொட்டு வைக்காத வண்டில நான் ஏற மாட்டேன்"னு கன்னடம் கலந்து சொல்லிச் சிரிச்சா. பொங்கலுக்கு முன்னாடியே கண்ணை மூடிட்டா.

சோப்புப் பவுடர் போட்டு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன். மூணு டயர் பளிச்னு ஆன பிறகுதான் எதை அழிக்கிறேன்னு உறைச்சுது.

மாமா வந்து குனிஞ்சு பார்த்தார். "மூணுல போன கறை இதுல போகலையா, இஞ்சினியர் மாப்ளே?"

"போகல மாமா."

அவர் பக்கெட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டார்.

கறை போக வழி தெரிஞ்சவங்க, தயவுசெஞ்சு கமெண்ட்ல சொல்லாதீங்க.