குர்பான் ஆட்டின் காது

கட்டாரிலிருந்து திரும்பும்போது எல்லோரும் போர்வையும் பால்மாவும் கொண்டுவருவார்கள். என் கணவர் அவற்றோடு ஒரு வில்லும் அம்புகளும் கொண்டுவந்தார். யுத்தம் முடிந்து வில்பத்துக் காட்டுப் பக்கம் போய்வருவது சுலபமாகியிருந்தது. ஆனாலும் மானில் கைவைத்தால் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் ஊரான கனமூலையில், தென்னந்தோட்டத்தில் சாக்கில் உமி அடைத்து ஒரு மானைச் செய்து நிறுத்தினார். கால் முளைத்த தலையணை என்றுதான் நான் சொல்வேன்.

"முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, நெஞ்சுக்கூட்டுல படோணும். பட்டதும் துரத்தக்கூடா. அரை மணித்தியாலம் சத்தமில்லாம இருந்தா, காயப்பட்ட மான் கிட்டவே படுத்திரும். பிறகு ரத்தச் சொட்டைப் பார்த்துப் போறதுதான்" என்பார். எல்லாம் போனில் பார்த்துப் படித்தது.

ஒரு பின்னேரம் அவர் விட்ட அம்பு சாக்கு மானைத் தாண்டித் தென்னோலைக் கிடுகுவேலிக்குள் புகுந்துபோனது. அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்திக்கொண்டு ஓடியது. அது என் உம்மாவின் ஆடு. யுத்தகாலத்தில் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்ட உம்மா, ஹஜ்ஜுப் பெருநாளில் தன் பேரில் குர்பான் பலி கொடுப்பதற்காக முதன்முதலாக வளர்த்த ஆடு. ஊனமான ஆடு குர்பானுக்குக் கூடாது.

நான் ஓடப்போக, அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அரை மணித்தியாலம்!"

"அது ஆடு, மச்சான்!"

"மானும் கிட்டத்தட்ட ஆடுதான். இரி."

இருந்தேன். இந்த மனிசன் பேச்சைக் கேட்டு ஏன் இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு வேலிக்கு அப்பால் போய்ப் பார்த்தோம். மணலில் சிவப்புச் சொட்டுகள். "நெஞ்சுலதான் பட்டிருக்கு" என்றார். குரலில் பயம் பாதி, பெருமை பாதி. குனிந்தபடியே கிணற்றடியைச் சுற்றி, முருங்கையைத் தாண்டிப் போனோம். குசினிக்குப் பின்னால் உம்மா ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை மணலில் துப்பினார். அதே சிவப்பு. ஆட்டைத் துரத்திக்கொண்டு வந்த உம்மாவைத்தான் நாங்கள் இவ்வளவு நேரமும் தடம்பிடித்திருக்கிறோம்.

அம்பு ஆட்டின் காதைக் கிழித்திருந்தது. உம்மா மருமகனை ஏசவில்லை. "மௌலவியக் கூட்டி வாங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது.

மௌலவி காதின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"துண்டு ஏதும் குறைஞ்சிருந்தா கூடாது. இது வெறும் கிழிசல். கூடும்."

உம்மா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சத்தம்போட்டு அழுதார். என் கணவருக்கும் மூச்சு வந்தது.

அன்றிலிருந்து உம்மா காயத்துக்கு மஞ்சள் பூசினார். பலா இலையை ஒவ்வொன்றாக ஊட்டினார். பெருநாள் காலையில் அறுப்பதற்காக ஆட்டை அவிழ்க்க ஆட்கள் வந்தபோது உம்மா வெளியே வரவில்லை. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"உன்ட புருசன் இன்னும் கொஞ்சம் நல்லா அடிச்சு, காதுல ஒரு துண்டை எடுத்திருக்கலாம், புள்ள" என்றார்.