செந்தூர்வேலும் விமானத் துப்பாக்கியும்

மில்லர்புரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் செந்தூர்வேலுக்கு உலகத்தில் ஒரே ஒருவன் மேல்தான் பொறாமை. ஆனால் அந்தப் பொறாமையைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தாலும் மிச்சம் வரும். அந்த ஒருவன் செல்வின், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போர் விமானத்தை விரலால்கூடத் தொட்டதில்லை. அதைப் பற்றி யூடியூபில் பேசிப் பேசியே ஊரில் பெரிய ஆளாகிவிட்டான்.

செந்தூர்வேலோ விமானப்படையில் இருபது வருடம் இருந்தவர். விமானத்துக்குள் பொருத்திய துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, குண்டு நிரப்பி அனுப்புவது அவர் வேலை. அதைக் கேட்கத்தான் ஆளில்லை. புளியும் பருப்பும் வாங்க வருகிறவர்கள், "செல்வின் புது வீடியோ பாத்தியளா அண்ணாச்சி?" என்று அவரிடமே கேட்கும்போது வயிறு எரியும். போதாக்குறைக்கு அவர் மனைவி பகவதியும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வெங்காயம் உரிப்பாள். "என்னமா புரியும்படி சொல்லுதான்!" என்பாள். இவர் இருபது வருடமாகச் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை போலிருக்கிறது. தன் உழைப்பு வீண்போகவில்லை என்று அவளும் ஊரும் ஒருமுறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கறிமசாலா வாங்க வந்த செல்வின், கடை வாசலிலேயே போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். ரேடாருக்குத் தப்பும் ஸ்டெல்த் விமானத்துக்கு உள்ளே துப்பாக்கி இன்னும் தேவையா என்பது அன்றைய கேள்வி.

"நூறு கிலோமீட்டருக்கு அங்கனயே ஏவுகணைய விட்டுட்டுத் திரும்பிரலாம். கிட்டப் போயிச் சுடணும்னா ஒளிஞ்சு போனதுக்கு என்ன அர்த்தம்? கன்னு, அதான் துப்பாக்கி, சும்மா சொமை" என்றான். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

செந்தூர்வேலுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே செல்வின், ஒங்க அண்ணன் வள்ளத்துல மிஷின் இருக்குல்லா? பொறவு துடுப்பு எதுக்குக் கெடக்கு? ஏவுகணை நாலோ ஆறோதான் உள்ள கொள்ளும். அது தீந்தா? முன்னால சுட்டு மெரட்டி வெரட்டணும்னா அதுக்கும் ஏவுகணைய விடுவியா?"

கூட்டம் கை தட்டியது. பகவதிகூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். செல்வின் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி அண்ணாச்சி" என்று போனை அவர் பக்கம் திருப்பினான். "இருவது வருசத்துல, ஒங்க கன்னு இல்லாம ஆவாதுங்கிற மாதிரி ஒருநாள் வந்திருக்குமே. அதச் சொல்லுங்க."

அப்படி ஒரு நாள் வரவே இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போயிருக்கலாம். ஆனால் பத்து முகங்கள் முதல்முறையாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. செல்வினிடம் இல்லாத கதை ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று காட்டும் ஆசையில், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

துப்பாக்கிக்குப் பாதுகாப்பு ஊசி ஒன்று உண்டு. அது இருக்கும்வரை சுடாது. விமானம் கிளம்புமுன் அதை உருவி, விமானிக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். எல்லையில் பதற்றமாக இருந்த ஒரு நாள் காலையில், அவசரத்தில் சட்டைப்பையில் கிடந்த உபரி ஊசியை எடுத்துக் காட்டிவிட்டார். அசல் ஊசி துப்பாக்கியிலேயே இருந்தது. "ஒரு மணிநேரம் வானத்துல சுத்துச்சு. எனக்கு உசிரே இல்ல. எறங்குனதும் யாரும் பாக்குததுக்கு முந்தி ஓடிப்போயி உருவிட்டேன்!"

"பொறவு?" என்றான் செல்வின்.

"பொறவு என்ன? ஒண்ணும் ஆவல. யாருக்குமே தெரியாது..." அங்கேதான் அவருக்கே உறைத்தது.

சுடவே முடியாத துப்பாக்கியோடு விமானம் போய் வந்திருக்கிறது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செல்வின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "அப்போ அண்ணாச்சி இருவது வருசமும் சும்மாவா தொடச்சிருக்காவ!" பகவதி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

செல்வின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்முன்னாலேயே அந்த வீடியோவை அழித்தான். "இது இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. துடுப்புக் கேள்விய மட்டும் ஒங்க பேரச் சொல்லியே நாளைக்குப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு, மசாலாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அவனும் சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பெரிய மனசும் அந்தப் பயலுக்கே போய் வாய்த்ததே என்று நினைக்க நினைக்க, செந்தூர்வேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை.