காலைக் காட்டினால் கண்ணைப் பார்ப்பார்களா?

போன வாரம் முழுக்க எனக்கு ஒரே குழப்பம். இன்னும்கூட முழுசாகத் தெளிந்தபாடில்லை!

ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர், வாசலில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினார். கணுக்காலுக்கு மேலே சிவப்பும் பழுப்புமாகப் புள்ளிகள். மிளகாய்த்தூள் சிந்தின மாதிரி.

"என்னங்க இது?"

"மைன்ஸ் தூசி. வேற என்ன?"

நெய்வேலியில் இது ஒரு வியாதி. வெள்ளைச் சட்டை பழுப்பானால் மைன்ஸ் தூசி. இருமினால் மைன்ஸ் தூசி. மாமியார் முகம் கறுத்தால்கூட... சரி, விடுங்கள்.

நானும் நம்பினேன். நம்ம ஊர் நிலக்கரியும் பழுப்புதானே? பீர்க்கங்காய் நாரும் சோப்புமாகத் தினமும் தேய்த்தேன். போனதா? கூடியது!

எதிர் குவார்ட்டர்ஸ் மேரியக்கா எட்டிப் பார்த்தார். "ஷிப்ட் முழுக்க ஷூவைப் போட்டுக்கினு இருந்தா கடிக்காம என்னா பண்ணும்? தேங்காண்ண தடவும்மா."

தடவினோம். மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் கொடுத்தார்கள். அதையும் தடவினோம். ஆனால் இவருக்கு அரிப்பே இல்லையே... பின்னே எதற்குத் தடவினோம்?

கடைசியில் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் புள்ளிகளை அழுத்தினார்.

"கொசுக்கடின்னா அழுத்தினா சிவப்பு மறையும். இது மறையலை பாருங்க. தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. சுகர் இருக்கா?"

"ரொம்ப நாளா இருக்குங்க. மாத்திரை போடறேன்."

ஞாபகம் வந்தால் போடுகிறார் என்பதை நான் சொன்னேன். இவர் என்னை முறைத்தார்.

"சுகர் ஏறிக்கிட்டே இருந்தா பொடிப் பொடி ரத்தக்குழாய் எல்லாம் வீக் ஆயிடும். கசியும். பழைய கசிவுதான் பழுப்பாத் தெரியுது. முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணிடுங்க."

கண்ணையா? காட்டினது காலை அல்லவா?

வெளியே வந்தவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றார். மைன்ஸில் மண் அள்ளும் ராட்சச லாரி, டம்பர் ஓட்டுகிறவர். ஒரு நாள் லீவு போட்டாலே கை நமநமக்கும் அவருக்கு.

"கண்ணுல கோளாறுன்னு எழுதிட்டா வண்டியைத் தொட விடமாட்டாங்க. டெஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

குரல் உடைந்தது. ஆனாலும் கேட்டேன் — "அந்தக் கண்ணை வச்சுக்கிட்டுதானே அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டறீங்க? கீழே ஆளுங்க நிக்கறாங்களே?"

ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினார். கண் டாக்டரிடம் வந்தார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். உள்ளேயும் காலில் இருந்த மாதிரியே குட்டிக் குட்டி ரத்தப் புள்ளிகள்!

"ஆரம்பம்தான். இப்பவே வந்தது நல்லதாப் போச்சு. சுகரைக் கட்டுல வைங்க, தவறாம செக்கப் வாங்க. இப்போதைக்கு வண்டி ஓட்டலாம்" என்றார் கண் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மருந்து விட்ட கண் கூசியதால் ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். டம்பர் டிரைவர் பின் சீட்டில்.

"எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே... அப்புறம் எப்படி?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

தேய்த்தும் போகாத கறைக்குக் கும்பிடு போட்டவள் இந்த நகரியத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!